மாமல்லபுரம் கிளம்பும் முன்: பிரேக், சீட், பை

இங்கிருந்து மாமல்லபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். ஈ.சி.ஆர். சமதளம்தான், வெயிலும் எதிர்காற்றும் வாட்டும்.

முதலில் பிரேக். போன மழைக்காலத்தில் கோவளம் அருகே ஓர் ஆடு குறுக்கே வந்தது. என் சைக்கிள் நிற்கவில்லை. பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, ரிம்மும் ஈரம். நல்லவேளை, இருவரும் தப்பினோம். கட்டையிலுள்ள பள்ளக்கோடு மறைந்தால் உடனே மாற்றுங்கள்.

மெத்தென்ற சீட் கொஞ்ச தூரத்துக்குத்தான் சுகம்; பிறகு தொடை உரசும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம்.

பையை முதுகில் மாட்டினால் வியர்த்துக் கொட்டும். கேரியரின் இருபுறமும் சம எடையாகத் தொங்கவிடுங்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கு, மாற்று ட்யூப், பம்ப் கட்டாயம்.

கேட்டைத் தாண்டும் முன் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.