சினைப்பை நீர்க்கட்டியும் பெண்களின் இதயமும்

(புனே, கோந்த்வாவில் உழைக்கும் பெண்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



சினைப்பை நீர்க்கட்டி நோய் என்றதும் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, குழந்தை பிறக்குமா என்பதே. 1935இல் ஸ்டெயின், லெவெந்தால் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயை விவரித்தபோதும் மாதவிடாய்க் கோளாறும் குழந்தையின்மையுமே முன்னின்றன. இதயம் கணக்கில் வரவில்லை.

இந்நோயுள்ள பெண்கள் பலரின் உடலில் இன்சுலின் சரிவரச் செயல்படுவதில்லை. அதனால் இரத்தத்தில் சர்க்கரையும் தீய கொழுப்பும் ஏறுகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. நாளடைவில் இதய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. ஒல்லியான உடல்வாகு என்று அசட்டையாக இருந்துவிடவும் முடியாது. எடை குறைந்த இந்திய உடலிலும் கொழுப்பு மிகுந்திருப்பதை இதே புனேயின் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் ஆய்ந்து காட்டியுள்ளனர்.

நோய் கண்டறியப்பட்டதுமே சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். அரசின் தொற்றாநோய்த் திட்டமோ 30 வயது நிரம்பியவர்களையே பரிசோதிக்கிறது. நோய் தொடங்குவதோ பெரும்பாலும் பருவமெய்திய சில ஆண்டுகளில். இடைப்பட்ட காலத்தில் வீட்டுவேலை செய்யும் இளம்பெண் தன் கூலியைத் தனியார் ஆய்வகத்தில் கொட்ட வேண்டும். இல்லையேல் பரிசோதனையின்றியே காலம் தள்ள வேண்டும்.

நடைப்பயிற்சியும் சத்துணவும் தேவைதான். ஓய்வும் நியாயமான கூலியும் இன்றி அவை எப்படிக் கிட்டும்?

வயது வரம்பின்றி, இந்நோயுள்ள பெண்கள் அனைவருக்கும் மாநகராட்சி மருத்துவமனைகளிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இலவசப் பரிசோதனை வேண்டும். மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இணைந்து இக்கோரிக்கையை முன்னெடுக்கட்டும்.