மரமணி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மணி என்றவுடன் நம் நினைவில் எழுவது வெண்கலம். கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் வாயிலில் அசைத்த ஆராய்ச்சி மணியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரத்தாலும் மணி செய்வார்கள் என்பதைப் பிலாய்க்கு வந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே நான் அறிந்தேன்.

நமக்குத் தெற்கே பஸ்தரில் கோண்டு, முரியா மக்கள் தம் மாடுகளுக்கு அதனைக் கட்டுகின்றார்கள். ஒரே மரத்துண்டைக் குடைந்து, உள்ளே மரநாக்குகளைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். மாடு தலையை அசைத்தால் 'கடக் கடக்' என்று வறண்ட ஓசை எழும். இனிமையில்லை என்று நாம் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் அது காட்டுக்கென்றே அமைந்த ஓசை. கீச்சென்ற ஒலியை அடர்ந்த இலைகள் விரைவில் விழுங்கிவிடும். தாழ்ந்த ஒலி அவற்றினூடே மேலும் சிறிது தொலைவு செல்லும். அன்றியும், கையால் குடைவதனால் ஒரு மணியைப் போல மற்றொன்று ஒலிப்பதில்லை. புதருக்குள் மறைந்து மேயும் தன் மாட்டை உடையவன் செவியாலேயே கண்டுகொள்வான்.

இவ்வகை ஒலி நமக்கும் புதிதன்று. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளுள் 'தட்டை'யைக் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகின்றது. மூங்கிலைப் பிளந்து செய்வது அது. வழிபாட்டிலும் மரத்தின் ஒலிக்கு இடமுண்டு. பெரிய வியாழன் இரவு முதல் பாஸ்கா திருவிழிப்பு வரை ஆலய மணிகள் மௌனமாக இருக்கும். அந்நாட்களில் மரத்தாலான தட்டுமணியே ஒலிக்கும் என்பதை நம் சங்கத்துக் கத்தோலிக்க அன்பர்கள் நன்கறிவார்கள். துயர நாளுக்கு வெண்கலத்தின் கலகலப்புப் பொருந்தாது என்று முதலில் உணர்ந்தவர் யாரோ, அவர் செவி நுண்ணியது!

கொண்டகாவ் கைவினைக் கடையொன்றில் ஒரு மரமணியை வாங்கி வந்தேன். பேரக்குழந்தைகள் ஓயாது ஆட்டவே, நாக்குகளை நூலால் கட்டிச் சுவரில் மாட்டினேன். சென்ற மழைக்காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த பஸ்தர்ப் பெரியவர் ஒருவர் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதன் மாடு எங்கே, பாபு?" என்று வினவினார். கடையில் வாங்கியது என்றேன். அவர் நூலை அவிழ்த்து ஒருமுறை அசைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். கயிறு உராய்ந்து தேய்ந்திருந்த இடத்தைத் தடவிக் காட்டி, "இது கழுத்தில் கிடந்ததுதான். மாட்டை விற்ற பிறகு மணியையும் விற்றிருப்பார்கள்" என்றார். சிறிது நேரங்கழித்து, "எங்கள் வீட்டிலும் மாடுகள் போய்விட்டன. மணிகளை மட்டும் நான் விற்கவில்லை" என்றார்.

அதன்பின் நான் அந்நூலைக் கட்டவில்லை. குழந்தைகள் ஆட்டுகின்றார்கள். மேல்வீட்டு நண்பர் இருமுறை வந்து கதவைத் தட்டிவிட்டார். அவரும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கின்றார். பொறுத்தருளுமாறு அவரை வேண்டிக்கொள்கின்றேன்.