நிழலும் ஆழமும்: நெய்யூர் மருத்துவமனையில் ஓர் ஓவியக் கண்

எக்ஸ்-ரே படம் என்பது உடலின் நிழல். எலும்பும் நுரையீரலும் குடலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே தளத்தில் விழுந்திருக்கும். எது முன்னால், எது பின்னால் என்று படம் சொல்வதில்லை. பார்ப்பவர்தான் பிரித்தறிய வேண்டும். ஓவியரின் வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. கண்முன் விரியும் ஆழத்தை அவர் தட்டையான தாளில் இறக்குகிறார். இவ்விரண்டு வேலைகளையும் ஒருவரே செய்த இடம் நெய்யூர்.

 நெய்யூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் பகுதியில் உள்ளது. 1949 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922இல் எவரெஸ்ட் பயணத்தை முடித்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், ஒரே அறுவை மருத்துவர் முன் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தை நெய்யூரில் கண்டார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே திரும்பி வந்தார். தமிழ் வாசகர் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தியது ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’ கதை.

சோமர்வெல் இமயத்தையும் திபெத்தையும் நீர்வண்ணத்திலும் பேஸ்டலிலும் ஏராளமாகத் தீட்டியவர். பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. தாளின் நிறமே பாறைக்கும் மண்ணுக்கும் அடிநிறமாகிவிடும். மீண்டும் எவரெஸ்ட் ஏறியபோது, 1924 ஜூன் 4 அன்று ஏறக்குறைய 28,000 அடியில் அவர் நின்றுவிட, உடன் ஏறிய நார்ட்டன் மட்டும் மேலே சென்றார். இறங்கும் வழியில், குளிரில் கருகிய தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சை அடைத்தது. மார்பை இரு கைகளாலும் அழுத்தி அதை வெளியே தள்ளி உயிர் பிழைத்தார். தம் கேமராவை, அதே பயணத்தில் மாண்ட மலோரியிடம் கொடுத்திருந்தார்; மலோரியின் உடல் 1999இல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை.

நெய்யூர் அடங்கிய தென் திருவிதாங்கூரில் அன்று முன்சிறுகுடல் புண் மிகுதியாக இருந்தது. இதைப் பற்றிச் சோமர்வெல்லும் உடன் பணியாற்றிய மருத்துவர் ஓர் (Orr) என்பவரும் 1936இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நோயை உறுதிசெய்ய உதவியது பேரியம் சோதனை. சுண்ணாம்புக் குழம்பு போன்ற பேரியம் சல்பேட்டை நோயாளி குடிப்பார். கதிர் அதை ஊடுருவாததால், இருட்டறைத் திரையில் இரைப்பையின் வடிவம் நகரும் நிழலாகத் தெரியும். இரைப்பையை அடுத்த குடல்பகுதி இயல்பாக முக்கோணமாக இருக்கும். புண் ஆறி வடுப்பட்டால் அம்முக்கோணம் நெளிந்து சிதையும். கண் இருட்டுக்குப் பழக நேரம் கொடுத்து, நிழல் நகரும்போதே மருத்துவர் அதைப் பிடிக்க வேண்டும். காரணம் மரச்சீனிக் கிழங்கு, மிளகாய் முதலிய உணவே என்று அன்று கருதினர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை மார்ஷலும் வாரனும் 1982இல் கண்டறிந்த பிறகே கதை மாறியது. கருவி புண்ணின் உருவைக் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை.

வாய்ப்புற்றில் காரணத்தை நோயின் இடமே காட்டிக்கொடுத்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து அதக்கும் கன்னத்துப் பக்கமே புற்று வந்ததை மருத்துவர் ஓர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். நெய்யூரில் இதற்கு ரேடியச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. ரேடிய உப்பு அடைத்த மெல்லிய உலோக ஊசிகளைக் கட்டியைச் சுற்றித் தசைக்குள் செருகுவது அக்கால முறை. ஊசிகள் நெருங்கினால் நல்ல தசை கருகும். விலகினால் இடையே புற்று பிழைக்கும். 1 செ.மீ. இடைவெளியில் நிரல்படச் செருகுவதற்கு மான்செஸ்டரில் பேட்டர்சனும் பார்க்கரும் 1934இல் விதி வகுத்தனர். விதி எழுதியாகிவிட்டாலும், வளைந்த கன்னத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் அதைப் பின்பற்றியது கையே.

ஓவியம் பழகியதால் சோமர்வெல் நல்ல அறுவை மருத்துவரானார் என்று சொல்வது அழகான கற்பனை, ஆதாரம் இல்லை. இரு தொழில்களும் கண்ணிடம் கேட்டது ஒன்றே என்பது வரைதான் உறுதி.

1949 முதல் 1961 வரை அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார், 1975இல் மறைந்தார். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் உடலை அடுக்கடுக்காகக் காட்டத் தொடங்கியது. ஆழத்தை ஊகிக்கும் வேலையில் பெரும்பங்கு கணினிக்குப் போனது. ரேடிய ஊசிகளும் வழக்கொழிந்தன. நெய்யூரில் புற்றுநோய்ச் சிகிச்சை சி.எஸ்.ஐ. திருச்சபையின் பன்னாட்டுப் புற்றுநோய் மையத்தில் தொடர்கிறது.