பிலத்துவாரமும் பீலிவளையும்



பத்தாண்டு நிறைவு விழாவில் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றித் தொடங்குவதற்குப் பொறுத்தருள வேண்டும். உறுவையாற்றுப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல் ஒப்பிக்கும் வீரநாயகர் படங்களுள் ஒன்று, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தோர்: த டார்க் வேர்ல்டு’. அதில் உலகங்களை இணைக்கும் வானவிற் பாலம் அரசனுக்குரியது. அரசன் அதனை மூடிவிட்டபோது மாற்றுவழி அறிந்தவன், சிறையிற் கிடக்கும் லோகி. மலைப்பிளவுக்குள் ஓடத்தைச் செலுத்தினால் மறுபுறம் இருளுலகம். மீளும்போது ஒரு குகைக்குள் கைப்பேசி ஒலிக்கிறது. இலண்டனில் விளையாட்டாக எறிந்த காலணிகளும் அங்கே கிடக்கின்றன. அவற்றைத் துணைக்கொண்டு இலண்டனையே அடைந்துவிடுகிறார்கள். பொதுவழி ஆட்சிக்கு உரியது, மறைவழி அறிந்தவர்க்கு உரியது என்பதே இதன் இலக்கணம். ஆனால் அவ்வழி கூலி கேட்பதில்லை. லோகி மாண்டான் என்று அழவைத்து, முடிவில் அவனையும் உயிரோடு திருப்பித் தந்துவிடுகிறார்கள்!

நம் முன்னோர் இத்தகைய வழியைப் பிலம் என்றனர். கம்பராமாயணத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. அங்கே அனுமன் பேருருக் கொண்டு பிலத்தைப் பிளக்கிறான். வான்மீகத்திலோ சுயம்பிரபை வானரரைக் கண்மூடச் செய்து வெளியே சேர்க்கிறாள். கம்பரன்பர்கள் சினவாதிருப்பின், எனக்கு வான்மீகமே உவப்பானது என்பேன். அங்கே வழி மறைவழியாகவே நிற்கிறது.

நான் பேச வந்தது வேறொரு பிலம். பெரும்பாணாற்றுப்படைக்கு உரைவகுத்த நச்சினார்க்கினியர், இளந்திரையன் பிறப்பு வரலாற்றைச் சொல்கிறார். நாகபட்டினத்துச் சோழன் பிலத்துவாரத்தால் நாகலோகம் புகுந்து நாககன்னியைக் கூடுகிறான். பிறக்கும் மகனை என்செய்வேன் என்று அவள் கேட்கிறாள். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரையேறினால் நாடு தருவேன் என்கிறான். தந்தைக்குப் பிலம், மகனுக்குக் கடலும் ஒரு கொடியும், தாய்க்கு ஒரு கேள்வி மட்டும்.

இவ்வுரைக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட மணிமேகலையில் நிலைமை வேறு. நாகநாட்டு இளவரசி பீலிவளை தானே புகாரின் கடற்கரைச் சோலைக்கு வருகிறாள். ஒரு திங்கள் கிள்ளியோடு இருந்து சொல்லாமலே மறைகிறாள். வழி அவளுடையது, தேடி அலைபவன் அரசன். காப்பியத்திலிருந்து உரைக்கு வருவதற்குள் வழி கைமாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை நம் இலக்கிய வரலாறுகள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

சாத்தனாரின் வழி கூலி கேட்கிறது. மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியிடம் பீலிவளை மகனை ஒப்படைக்கிறாள். அன்றிரவே மரக்கலம் உடைகிறது. மகனை இழந்த கிள்ளி இந்திரவிழாவை மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பீலிவளை திரும்பிய அந்த நேரத்தை உங்களுள் எவரேனும் பாட வேண்டும். காப்பியம் அதனைச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. கலம் உடைந்த செய்தி அவளை எட்டியதா?