சிறைச்செலவு சிகிச்சைக்கு வந்தது
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போதைக்கு அடிமையானவரைச் சிறையில் அடைத்தால், ஒரு நாள் வெளியே வருவார். நோயும் அவரோடு கூடவே வரும். சிகிச்சையில்லாமல் அவர் மறுபடியும் பிடிபடுவதை நாம் காண்கிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வாக்காளர்கள் 2014-ல் 47-வது சட்ட முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொந்த உபயோகத்திற்குப் போதைப்பொருள் வைத்திருத்தல், சிறு திருட்டு முதலியவற்றிற்குத் தண்டனை குறைந்தது. சிறைச்செலவில் மிச்சமான பணத்தில் 65 சதவீதம், மனநல சிகிச்சைக்கும் போதை மீட்புக்கும் சிறைக்குப் பதிலான திட்டங்களுக்கும் மானியமாக ஒதுக்கப்பட்டது.

2024-ல் வெளியான அரசு அறிக்கையின்படி, இத்திட்டங்களில் சேர்ந்தவர்களில் 15.3 சதவீதத்தினரே மீண்டும் குற்றத்தீர்ப்புப் பெற்றனர். சிறை சென்று திரும்பியவர்களிடம் இது வழக்கமாக 35 முதல் 45 சதவீதம். இரு சாராரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் பலன் சிறிதல்ல.

அதே ஆண்டு நவம்பரில் 36-வது முன்மொழிவு சில தண்டனைகளைக் கூட்டியது. சிறைச்செலவு கூடினால் மிச்சம் குறையும். மிச்சம் குறைந்தால் மானியமும் குறையும். பாதியில் நின்ற சிகிச்சை நோயாளியை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மருத்துவமனையைத் தாங்கிவரும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே, தண்டனையைக் கூட்டுகிறவர்கள் சிகிச்சைக்கான பணத்திற்கும் வழி சொல்ல வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.