நூறில் பதின்மூன்று

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைஞ்சாலும் நமக்குத் தெரிஞ்சுவிடும். தராசு கண்ணுக்கு முன்னால இருக்குது, கேட்கிறோம். ஆனால் நம்ம பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்படும் பணத்தை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்?

உகண்டா ஓர் ஆபிரிக்க நாடு. கோப்பியும் தேயிலையும் விளையும் நாடு. அங்கே ஆரம்பப் பாடசாலைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டு 250 பாடசாலைகளில் கணக்குப் பார்த்தார்கள். 1991 தொடக்கம் 1995 வரை, ஒதுக்கிய நூறு ஷில்லிங்கில் சராசரியாகப் பதின்மூன்றுதான் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரும்பாலான பாடசாலைகளுக்கு ஒன்றுமே இல்லை. மிச்சம் இடையிலேயே நின்றுவிட்டது. வசதியான ஊர்ப் பாடசாலைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகள்தான் அதிகம் இழந்தன.

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1990 முதல் மனித அபிவிருத்தியை மூன்று விடயங்களால் அளக்கிறது: ஆயுள், கல்வி, வருமானம். ஊழல் மூன்றிலும் கை வைக்கிறது. மருந்துக் காசு களவுபோனால் ஆயுள் குறையும். புத்தகக் காசு களவுபோனால் படிப்புப் போகும். படிப்புப் போன பிள்ளைக்கு நாளைக்கு நல்ல வருமானமும் இல்லை.

உகண்டாவில் பிறகு என்ன செய்தார்கள்? மாவட்டங்களுக்கு எவ்வளவு பணம் அனுப்பப்படுகிறது என்று பத்திரிகையில் போட்டார்கள். பாடசாலையிலும் எழுதி ஒட்டச் சொன்னார்கள். தொகை தெரிந்த பெற்றோர் கேட்க ஆரம்பித்தார்கள். 2001 அளவில் நூறில் எண்பதுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. வேறு சீர்திருத்தங்களும் உதவின. என்றாலும் தராசை வெளியே கொண்டுவந்து வைத்தது பெரிய காரியம்.

நமக்கும் ஒரு தராசு இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரஜை எவரும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

“வேலை முடிஞ்சு களைப்பா இருக்கு” என்று பாடசாலைக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போய், “இந்த வருசம் எங்க பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு ஒதுக்குனாங்க, எவ்வளவு வந்துச்சு?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அதிபரைச் சந்தேகப்படுவதாக அர்த்தமில்லை. உகண்டாவில் அந்தப் பணம் அதிபர் கைக்கு வருமுன்னரே மறைந்துபோனது.

ஒரு கிலோ கொழுந்துக்குக் குரல் கொடுக்கிறோம். பிள்ளையின் படிப்பு அதைவிடப் பாரமானது அல்லவா?