முதலில் காற்று, பிறகு வண்ணம்



ஏர்பிரஷ் வாங்கிய அன்றே முகம் வரைய உட்காராதீர்கள். முதல் வாரத்துக்குப் பழைய செய்தித்தாளும் தண்ணீர் கலந்த மையும் போதும். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். இரண்டும் ஒரே விரலில். காற்றைத் திறந்த பிறகே வண்ணம். நிறுத்தும்போது வண்ணத்தை மூடிய பிறகே காற்று. வரிசை மாறினால் தாளில் சொட்டு தெறிக்கும்.

முனையைத் தாளுக்கு அருகில் பிடித்தால் மெல்லிய கோடு, விலக்கினால் அகன்ற பூச்சு. அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, 20 முதல் 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தொடங்கலாம். நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவுங்கள். உள்ளே காய்ந்துவிட்டால் பாதி நாள் அதற்கே போகும்.

எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா, வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் அவன், “கையை நிறுத்தாம ஓட்டுங்க சார், நின்னா வழியும்” என்றான். அன்று பலகையருகே அவன் நின்றான், நான் பெஞ்சில்.

கருவி இல்லாத பள்ளியில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் சீப்பும் போதும். தூரத்தின் கணக்கு அதிலேயே பிடிபடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகளுக்கு நீரில் கரையும் வண்ணம்தான். தின்னர் வகுப்பறைக்குள் வேண்டாம். நீர் வண்ணத்தின் நுண்துளியும் நுரையீரலுக்குப் போகும். ஜன்னலைத் திறந்து, என்95 முகக்கவசம் அணியுங்கள். அந்த மாணவனின் அப்பா தின்னர் கலந்து, வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் அடிக்கிறாராம். கரி வடிகட்டி வைத்த கவசம் வாங்கச் சொல்லி மகனிடமே எழுதிக் கொடுத்தேன்.